கழிக்கு வடக்கே: பாந்த்ரா நாட்குறிப்பு

செப்டம்பர் 12, வெள்ளி

மும்பையின் மாஹிம் நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான பாந்த்ராவுக்கு மின்ரயிலில் ஐந்து ரூபாய்ச் சீட்டு. தாராவியின் மேற்கு ஓரத்தில் சித்தி குடியிருக்கும் சந்திலிருந்து மாஹிம் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் மாஹிம் கழி என்னும் உப்பங்கழி வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு மித்தி ஆறு இந்த இடத்தில்தான் கடலில் சேர்கிறது. கரையோரத்து அலையாத்தி மரங்களின் கிளைகளில், ஓதம் இறங்கிய பிறகு சிக்கிக்கொண்ட பிளாஸ்டிக் பைகள் காய்ந்துகொண்டிருந்தன. சித்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, பாலம் முடிந்ததும் எடுத்துவிட்டார். பாந்த்ராவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்த காலமெல்லாம் தினமும் இரண்டு முறை இந்தப் பாலத்தைக் கடந்தவர் என்பதால், வெளியே பார்க்காமலேயே எப்போது மூட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பாந்த்ராவின் மவுண்ட் மேரி மாதாவுக்கு அவர் ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். முட்டு வலியோடு திருவிழாக் கூட்டத்தில் தனியாகப் போக முடியாது, துணைக்கு வா என்று திருநெல்வேலிக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்ததால்தான் இந்தப் பயணம். சித்தி சுடலைமாடனைக் கும்பிடும் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்ட பிள்ளைகள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்ததால், மாதா கோயிலுக்கு நேர்வது எங்களுக்கு வழக்கத்துக்கு மாறானதாகத் தோன்றியதில்லை.

பாந்த்ராவைப் புரிந்துகொள்ள அந்தக் கழியை விட்டால் வேறு வழி இல்லை. 1661இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசுக்கும் போர்த்துகீசிய இளவரசி கத்தரீனாவுக்கும் எழுதப்பட்ட திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனமாகப் போனது. கழிக்குத் தெற்கே இருந்த தீவுகள் காலப்போக்கில் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தன; வடக்கே இருந்த சால்செட் தீவும் அதன் தென்மேற்கு முனையான பாந்த்ராவும் போர்த்துகீசியரிடமே தங்கின. 1737–39 போரில் மராத்தியர் சால்செட்டைக் கைப்பற்றினார்கள். 1774இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். 1782இல் மராத்தியரோடு செய்த சல்பாய் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. ஆக, நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தண்ணீரின் இரு கரைகளும் இரண்டு வேறு அரசுகளுக்கு உட்பட்டிருந்தன. தெற்கே கோட்டையும் துறைமுகமுமாக ஒரு நகரம் வளர்ந்துகொண்டிருந்தபோது, வடக்கே நெல்வயலும் தென்னந்தோப்பும் மீன்பிடிக் குப்பங்களும் தேவாலயங்களுமாகப் பாந்த்ரா தன் போக்கில் இருந்தது. இங்கே வருவதற்குப் படகுதான். மழைக்காலத்தில் படகுகள் கவிழ்வதும் உண்டு.

அந்தப் படகுத்துறையை முடித்துவைத்தவர் ஒரு பார்சி அம்மையார். பெருவணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்து, பொதுமக்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டு, கழியின் குறுக்கே சாலை அமைக்கச் செய்தார். 1845இல் அது திறக்கப்பட்டது. பின்னர் ரயிலும் வந்தது: 1867 ஏப்ரல் 12 அன்று விராரிலிருந்து தெற்கே ஓடத் தொடங்கிய முதல் வண்டி நின்ற நிலையங்களில் பாந்த்ராவும் ஒன்று.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் இரைச்சல் காதை அடைக்கிறது. ஹில் ரோட்டின் நடைபாதையில் செருப்பு, உள்ளாடை, கைப்பேசி உறை, ஒட்டுப்பொட்டு என்று கடைக்கு மேல் கடை. இருபது ரூபாய்க்கு ஒரு வடாபாவ் வாங்கித் தின்றேன். பாவின் உள்ளே தடவியிருந்த பூண்டுப் பொடிக்குக் கண்ணில் நீர் வந்தது. அதே சாலையில் சற்று மேற்கே நடந்தால் புனித அந்திரேயா ஆலயம் வருகிறது, சந்தடி பாதியாகக் குறைகிறது. 1575இல் இயேசு சபையினர் தொடங்கிய பங்கு இது. முற்றத்தில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய, மூன்று ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த சிலுவை ஒன்று நிற்கிறது. ஆணி, சுத்தியல், ஏணி, சேவல், பகடைக் காய் என இயேசுவின் பாடுகளோடு சேர்ந்த பொருள்கள் அதன் உடலெங்கும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து சேவலின் கொண்டை மழுங்கியிருந்தது. அருகில் குடையை மடக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவர், நான் கேட்காமலேயே, சேவல் எதற்கு என்று பேதுருவின் கதையைச் சொல்லத் தொடங்கி, ஏணிக்கு வரும்போது தூறல் வலுத்ததால் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்.

மாலையில் சித்திக்குக் கால் வீங்கிவிட்டதால் ஆட்டோவில் திரும்பலாம் என்று ஒன்றை நிறுத்தி மாஹிம் என்றேன். ஓட்டுநர் முகவாயால் தெற்கே காட்டி, கழிக்கு அந்தப் பக்கம் ஆட்டோ போகக் கூடாது என்றார். மும்பையின் பழைய தீவுப் பகுதிக்குள் ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை. மேற்குக் கரையில் அவை பாந்த்ராவோடு திரும்பிவிட வேண்டும். டாக்சிகள் நிற்கும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டு, குறைந்தபட்சக் கட்டணமான 26 ரூபாய்க்கு நான் நீட்டிய முப்பதில் மீதி நான்கு ரூபாயைத் தேடியெடுத்துக் கொடுத்தார். தமிழ்நாட்டு ஆட்டோப் பயணங்களில் பழகிய எனக்கு அந்த நான்கு ரூபாய் இந்தப் பயணத்தின் முதல் அதிசயம்.

செப்டம்பர் 13, சனி

சித்தி வேலை பார்த்த வீடு ரண்வாரில் இருக்கிறது. பாந்த்ரா முன்பு பாக்காடி எனப்படும் 24 சிற்றூர்களாக இருந்தது என்பார்கள். அவற்றில் இன்னும் ஊராகத் தெரிவது ரண்வார்தான். ஹில் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும், இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டிய அளவுக்குச் சந்துகள் சுருங்கிவிடுகின்றன. ஓட்டுக் கூரை, மரப் படிக்கட்டு வெளிப்புறமாக ஏறும் மாடி, சாய்வான மரத் தாழ்வாரம், சட்டத்தில் பூ வேலைப்பாடு என்று ஒரு வீடு. அதை ஒட்டியே கண்ணாடி முகப்போடு ஒரு காப்பிக்கடை. அந்தக் காப்பிக்கடையில் ஒரு கோப்பை 280 ரூபாய் என்று பலகையில் எழுதியிருந்ததைச் சித்தி இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு முக்கில் நின்ற சைக்கிள்காரரிடம் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து ‘கட்டிங்’ தேநீர் குடித்தோம்.

சந்துகள் கூடும் இடங்களில் எல்லாம் சிலுவைகள். சிலவற்றுக்குச் சிறு கூரை, சிலவற்றுக்குச் செவ்வந்தி மாலை. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, நகரத்திலிருந்து தப்பி வந்தவர்களோடு நோயும் இந்தப் பக்கம் வந்தது. இறந்தவர்களைப் புதைக்கவே ஆள் போதாத அந்த ஆண்டுகளில், நோய் தங்கள் தெருவுக்குள் வராமல் இருக்க வேண்டி மக்கள் நட்ட சிலுவைகள் இவற்றில் பல. பீடத்தில் ஆண்டு பொறித்திருப்பதைத் தேடிப் பார்த்துக்கொண்டே போனேன். சுண்ணாம்பு அடித்து அடித்து எண்கள் மூடிப்போன சிலுவைகள்தான் மிகுதி.

சித்தி ‘ஆன்ட்டி’ என்று அழைக்கும் அந்த வீட்டு அம்மையாருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சித்தியைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கத்தியை நீட்டி, “வந்தாயா, மீதியை நீ நறுக்கு” என்பதுபோல் இந்தியில் ஏதோ சொன்னார். சித்தியும் கேள்வி கேட்காமல் முறத்தை வாங்கிக்கொண்டார். பல ஆண்டுகளாகப் பார்க்காமல் இருந்த இருவர் இப்படித் தொடங்கியது எனக்கு நன்றாக இருந்தது.

அவர்கள் ‘ஈஸ்ட் இந்தியன்’ எனப்படும் மராத்திக் கத்தோலிக்கர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியத் துறவிகளிடம் ஞானஸ்நானம் பெற்ற உழவர்களும் மீனவர்களும்தான் இவர்களின் முன்னோர். போர்த்துகீசியக் குடும்பப்பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. வீட்டில் பேசும் பேச்சு மராத்தியாகவே இருந்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் கோவாவிலிருந்தும் மங்களூரிலிருந்தும் அதே பெயர்களுடைய கத்தோலிக்கர் பம்பாய்க்கு வேலை தேடி வரத் தொடங்கியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் பழைய குடிகள் தாங்களே என்று அரசு வேலைகளில் உரிமை கோர இவர்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டான 1887இல் சங்கம் வைத்து இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். இந்தியாவின் மேற்குக் கரையில் வாழ்பவர்களுக்குக் கிழக்கிந்தியர் என்று பெயர் வந்த கதை அவ்வளவுதான்; வேலைவாய்ப்புக்காக எடுத்த பெயர்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னார். புகியா என்னும் உருண்டை ரொட்டி, மைதாவைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரித்தது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்ளச் சுரைக்காயும் ஆட்டிறைச்சியும் போட்ட லோன்வாஸ் குழம்பு. அதன் நிறம் நம் ஊர்க் குழம்பின் நிறம், மணம் வேறு. வத்தலும் மல்லியும் மஞ்சளும் முன்னால் வந்தாலும், பின்னால் கோதுமையும் கடலையும் வறுத்த வாசனை ஒன்று நின்றது. அதுதான் ‘பாட்டில் மசாலா’. இருபதுக்கும் மேற்பட்ட சரக்குகளைக் கோடைவெயிலில் காயவைத்து, தனித்தனியாக வறுத்து, இடித்து, நிறமுள்ள பியர் பாட்டில்களில் குச்சியால் குத்திக் குத்தி அடைத்து, ஓர் ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். இடிப்பதற்கென்றே வீடு வீடாக வரும் பெண்கள் முன்பு இருந்தார்களாம். இப்போது அரைவை மில்.

இந்த வீடு இன்னும் எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டேன். மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள் என்று விரலை மடக்கிக் காட்டினார். இரண்டு வீடு தள்ளித் தகரம் அடித்து மறைத்திருந்த காலிமனையைக் காட்டி, அங்கே இருந்தவர்கள் தனக்கு உறவு என்றார். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. சித்தியின் மகள் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வீட்டை விற்பவர்களைக் குறைசொல்லும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். ஒழுகும் ஓட்டுக்குக் கீழே நான்கு வாளிகள் வரிசையாக வைத்திருந்த அந்த மாடியைப் பார்த்த பிறகு எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறந்தநாளோடு திருவிழா முடிகிறது. பாந்த்ராவில் அதையடுத்த ஞாயிறன்று தொடங்கி ஒரு வாரம் நடக்கிறது. காலை ஆறரை மணிக்கே நிலையத்துக்கு வெளியே சிறப்புப் பேருந்துகளுக்கு வரிசை நின்றது. வரிசையில் புர்கா அணிந்த பெண்கள், நெற்றியில் சந்தனம் வைத்த குஜராத்திகள், கோலி மீனவப் பெண்கள், எங்களுக்குப் பின்னால் கோவில்பட்டித் தமிழ் பேசிய ஒரு குடும்பம். யாரும் முண்டவில்லை. சித்தியின் நடையைக் கண்டு ஒரு கல்லூரிப் பெண் பேருந்தில் எழுந்து இடம்கொடுத்தாள். நன்றி சொல்வதற்குள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

குன்றின்மேல் ஏறும் சாலையின் இருபுறமும் மெழுகுக் கடைகள். மெழுகுதிரி மட்டும் என்றால் அதில் புதுமை இல்லை. இங்கே மனித உடம்பே உறுப்பு உறுப்பாக விற்கப்படுகிறது. கை, கால், கண் இணை, இதயம், தலை, கைக்குழந்தை. வீடு வேண்டுபவர்களுக்கு வீடு, வெளிநாடு போக வேண்டுபவர்களுக்கு விமானம். சித்தி ஒரு கடையில் நின்று கால் ஒன்று கேட்டார். கடைக்காரப் பெண், இடதா வலதா, முழுக்காலா முட்டு வரையா என்று அச்சுகளை வரிசையாக எடுத்துவைத்தாள். எல்லாம் வெளிர்மஞ்சள் மெழுகு; வார்ப்பின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு ஓடுகிறது; பாதத்தில் ஐந்து விரல்களுக்கும் நகம் தனித்தனியாக இருக்கிறது. நான் பாதுகாப்புக்காக ஒரு தலையும் எடுக்கலாமா என்று கேட்டபோது சித்தி முறைத்தார்: “ஏல, தலையெல்லாம் வாங்காத. எனக்குக் காலுதான் வலிக்கு.” முழுக்கால் அறுபது ரூபாய். ஐம்பதுக்குக் கேட்டேன், மாதாவுக்கு வாங்கும்போது பேரம் பேசக் கூடாது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவர் தலையில் வெள்ளைத் தொப்பி அணிந்திருந்தார்.

இப்போதுள்ள ஆலயம் 1904இல் கட்டப்பட்டது. வரைந்தவர் ஷாபூர்ஜி சந்தாபாய் என்ற பார்சி. உள்ளே இருக்கும் மரச்சிலை அதைவிட மிகப் பழையது, போர்த்துகீசியத் துறவிகள் கொண்டுவந்தது. 1700ஆம் ஆண்டில் கடற்கொள்ளையர் வந்து, சிலையின் கையில் இருந்ததைத் தங்கம் என்று நம்பிக் கையை வெட்டிக்கொண்டு போனார்கள் என்றும், அப்போது தேனீக்கள் கிளம்பி அவர்களைத் துரத்தின என்றும் மரபுக் கதை சொல்கிறது. பின்னர் அந்த இடத்தில் குழந்தையை வைத்து மறைத்தார்களாம். கோலிகளிடம் கேட்டால் வேறு கதை: சிலை கடலில் மிதந்து வந்து ஒரு மீனவரின் வலையில் சிக்கியது, அவள் பெயர் மோத் மாவுலி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்கு முன்னால் நின்ற மீனவக் கிழவி கும்பிட்டார்.

பீடத்துக்குப் போகும் வரிசை மெதுவாக நகர்ந்தது. மெழுகு உறுப்புகளை இங்கே யாரும் கொளுத்துவதில்லை. காலைப் பீடத்தின் முன் வைத்துச் சித்தி முணுமுணுத்து முடிப்பதற்குள், தன்னார்வலர் ஒருவர் அதை மற்ற கைகால்களோடு சேர்த்துக் கூடையில் அள்ளிப்போட்டுவிட்டார். சித்தியின் முகம் வாடியது. “ஒரு நிமிசம் இருக்க விட்டாத்தான் என்ன?” என்று வெளியே வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு சாலைக்கு எதிர்ப்புறம் மேட்டில் இருக்கும் மாதா கெபியில் சாதாரண மெழுகுதிரி நான்கு வாங்கி, அணையாமல் எரியும்வரை அங்கேயே காவலுக்கு நின்று மனத்தை ஆற்றிக்கொண்டார்.

இறங்கும்போது தின்பண்டக் கடைகள். கடலைமாவைக் குச்சி குச்சியாகப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டிய ‘கடியோ போடியோ’ கால் கிலோ எண்பது ரூபாய். நம் ஊர்க் கருப்பட்டிச் சேவின் தூரத்து உறவு, ஆனால் சர்க்கரை என்பதால் சுக்கின் காரம் இல்லை. கொய்யாப்பழத்தைக் கிளறிச் செய்த அல்வாத் துண்டு அதைவிடச் சிறப்பு. ராட்டினம் சுற்றத் தொடங்கிய நேரத்தில் வானம் கறுத்துக் கொட்டித் தீர்த்தது. கடைக்காரர்கள் நீலத் தார்ப்பாயை இழுத்து முதலில் மெழுகை மூடினார்கள், பிறகுதான் தங்களை.

செப்டம்பர் 15, திங்கள்

இரவெல்லாம் மழை. காலையில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று வண்டிகள் தாமதமாயின. சித்தி என்னை வெளியே விடவில்லை. மித்தி ஆற்றின் பெயரைச் சொன்னாலே இந்தச் சந்தில் எல்லோருக்கும் 2005 ஜூலை 26 நினைவுக்கு வருகிறது. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஆறு பெருகி, கழி அதை வாங்கிக்கொள்ள முடியாமல், இரு கரையும் மூழ்கின. முன்பு வெள்ளம் வந்தால் விரிந்து நிற்கச் சதுப்புநிலம் இருந்தது. 1970களின் இறுதியிலிருந்து பாந்த்ராவின் கிழக்குப் பக்கத்தில் அதை மேடாக்கி, இன்று வங்கிகளும் பங்குச் சந்தையும் வைரச் சந்தையும் இருக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்தைக் கட்டினார்கள். ஆற்றின் வாய் குறுகியது. அன்று சித்தி பாந்த்ராவிலேயே, அதே ஆன்ட்டி வீட்டு மாடியில் இரண்டு இரவு தங்கியிருக்கிறார்.

மதியம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து தோல்பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். பாந்த்ரா என்றதும், தாராவியில் நம்மாட்கள் இருப்பதற்கே பாந்த்ராதான் காரணம் என்றார். சரியான பேச்சுதான். பம்பாயின் ஆட்டுத்தொட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துக்கு வெளியே, கழிக்கு வடக்கே பாந்த்ராவுக்குத் தள்ளப்பட்டது. அங்கே உரித்த தோலைப் பதனிடத் தண்ணீரும் காலி நிலமும் இருந்த இடம் தாராவி. அந்த வேலை தெரிந்த திருநெல்வேலிச் சீமையின் இஸ்லாமியரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ரயிலேறி வந்தார்கள். 1971இல் ஆட்டுத்தொட்டி தேவ்நாருக்குப் போய்விட்டது. தோல்பதனிடும் கூடங்களும் பின்னர் பெரும்பாலும் மூடப்பட்டன. ஆட்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்கள். நடிகர்கள் வாழும் இடம் என்று நம் பத்திரிகைகள் எழுதும் பாந்த்ராவைப் பற்றி, அதன் காற்றில் முன்பு தோல் நாற்றம் இருந்தது என்று யாராவது எழுதிப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை விட்டிருந்தது. கோட்டையைப் பார்க்கத் தனியாகப் போனேன். கடற்கரைச் சாலையில் ஒரு புகழ்பெற்ற நடிகரின் வீட்டு வாசலில் இருநூறு பேராவது கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். வீட்டில் அவர் இருக்கிறாரா என்று ஒருவரைக் கேட்டேன், இல்லை என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். அந்தச் சாலை முடியும் முனையில் 1640இல் போர்த்துகீசியர் கட்டிய அகுவாடா கோட்டையின் மிச்சம் இருக்கிறது. மராத்தியர் கையில் கிடைத்தால் தங்களுக்கு ஆபத்து என்று ஆங்கிலேயர் வற்புறுத்தியதால் இடிக்கப்பட்டது; இன்று மதிலும் வாயிலும் படிகளும்தான் பாக்கி. மதில்மேல் வரிசையாகக் குடைகள், ஒவ்வொரு குடைக்கும் பின்னால் ஒரு சோடி. காவலாளி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதல் ஊதுவார். குடைகள் சற்று விலகிப் பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும்.

எதிரே விரிகுடாவுக்கு அப்பால் மாஹிம் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் 2009இல் திறந்த பாந்த்ரா-வொர்லி கடற்பாலம், 5.6 கிலோமீட்டர். கார் ஒன்று ஒருமுறை கடக்க நூறு ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியே இல்லை. அவாபாய் அம்மையாரின் நிபந்தனையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும். 1950 வரை பாந்த்ரா பம்பாய் மாநகராட்சியின் எல்லைக்குள்கூட இல்லை. இன்று அந்த எல்லையைக் கடக்க இத்தனை பாதைகள் இருந்தும், எந்தப் பாதையில் கடக்கிறோம் என்பதை வைத்தே ஆளின் வசதியைச் சொல்லிவிடலாம்.

திரும்பும் வழியில் சிம்பாய்க் குப்பம். புனித அந்திரேயா ஆலயத்தின் பின்புறம், அடுக்குமாடிகளின் இடுக்கில் படகுகள் கரையேற்றியிருந்தன. ஒரு பெண் பொம்பில் மீனை விற்றுக்கொண்டிருந்தாள், கூறு நூறு ரூபாய். படம் எடுக்கலாமா என்றேன். மீனை எடு, என்னை எடுக்காதே என்றாள்.

மாலையில் ரண்வாருக்கு விடைபெறப் போனபோது ஆன்ட்டி ஒரு பியர் பாட்டிலை நாளிதழில் சுற்றி எடுத்துவைத்திருந்தார். பணம் நீட்டினேன், சித்தியிடம் கொடு என்றார். சித்தி வாங்காமல், மீன் குழம்புக்கு இதைப் போட்டால் புளியைக் குறைத்து விட வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார். அதை மொழிபெயர்த்துக் கேட்ட ஆன்ட்டி, மீனுக்குப் போடவே கூடாது என்றார். அந்த வழக்கு தீரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

ரயில் ஏறும் நிலையத்தில் பையைச் சோதனை எந்திரத்தில் விட்டதும் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். திரையில் பியர் பாட்டில் தெளிவாகத் தெரிந்தது. மசாலா என்றேன், நம்பவில்லை. நாளிதழைப் பிரித்து, மெழுகு வைத்து அடைத்திருந்த மூடியை அவரே கத்தியால் நெம்பித் திறந்து முகர்ந்தார். இரண்டு தும்மலுக்குப் பிறகு எங்கே வாங்கியது என்று கேட்டார். பாந்த்ரா என்றேன். தன் மனைவி வசாய்க்காரி என்றும், பாந்த்ராக்காரர்கள் மசாலாவில் கோதுமையை அள்ளிப் போட்டு ஏமாற்றுவார்கள் என்றும், உண்மையான பாட்டில் மசாலா வேண்டுமானால் அடுத்த முறை வசாய்க்கு வர வேண்டும் என்றும் சொல்லி, மூடியைத் திரும்ப அழுத்தி, அதன்மேல் தன் மேசையில் இருந்த ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. எனக்கு அடுத்து நின்றவர் அந்தக் கோதுமை விஷயத்தை மறுத்து அவரிடம் வாதாடத் தொடங்கியிருந்தார்.